ஓரம் விடாமல் வெட்டிய பட்டைகள்

இடது கை இரும்பு அளவுகோலை அசையாமல் அழுத்திப் பிடித்திருக்க, வலது கை கத்தியை ஒரே இழுப்பில் கீழே கொண்டுவந்தது. லேமினேட் செய்த தாளிலிருந்து சிவப்புத் துண்டு ஒன்று பிரிந்தது. அதைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் ஓரம். ஓரம் விடாவிட்டால் ஈரம் உள்ளே போய் அட்டை வாய் பிளந்துவிடும். அடையாள அட்டையோ விலைப்பட்டியலோ, அந்தக் கடையில் அதுதான் சட்டம்.

அவளை எல்லோரும் ஜெராக்ஸ் அக்கா என்பார்கள். நகல் எடுக்க வருகிறவர்களின் பிள்ளைகள் கடையைத் தலைகீழாக்காமல் இருக்கத்தான், மூலையில் இருந்த கணினியில் இலவசக் கணக்கு விளையாட்டுகளை முதலில் போட்டுவிட்டாள். பிறகு அதுவே அவளுக்குப் பித்தாகிவிட்டது. எந்தத் தளத்தில் விளம்பரம் குறுக்கே பாயும், எது பாதி வழியில் காசு கேட்கும், எதில் தப்பு செய்தால் பொம்மை அழுது பிள்ளையையும் அழவைக்கும் என்று தானே விளையாடிப் பார்ப்பாள். தேறியது மட்டும்தான் மூலைக்குப் போகும். பள்ளியில் பின்னம் என்றாலே ஓடி ஒளிந்தவளுக்கு அது பிடிபட்டதும் இப்படித்தான்.

"தவளையைக் கரை சேர்த்தது போதும், ஆள் நிக்கிறாங்க பாரு," என்பான் பைண்டிங் மேசையிலிருந்து கணவன்.

"நேத்து நீங்க ஆத்துல விழுந்த பொறாமை உங்களுக்கு."

அந்த விளையாட்டில் ஆற்றின் குறுக்கே பலகை போட்டுத் தவளையைக் கடத்த வேண்டும். முழுப் பலகை இல்லையென்றால் இரண்டு அரை, அல்லது மூன்றில் ஒரு பங்குப் பலகை மூன்று, அல்லது ஆறில் ஒரு பங்கான சிவப்புப் பலகை ஆறு. பஸ் ஓட்டும் பெண்ணின் மகளுக்கு அது உயிர். ஆனால் வீட்டில் இருந்த ஒரே போன் அம்மாவோடு பஸ் ஏறிவிடும். அந்தத் தளமே பலகைகளை அச்சிட்டுக்கொள்ளவும் இலவசமாகக் கொடுத்திருந்தது.

"கணக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே அழற பொண்ணு, அக்கா. இது ஒண்ணைத்தான் கேட்டு வாங்குறா. இதையும் வெறுத்துட்டா எனக்கு வேற வழி தெரியல," என்று சொல்லித்தான் பஸ்காரம்மா அந்தப் பலகைகளைப் பட்டைகளாக அச்சிட்டு வெட்டித் தரும் வேலையைக் கொடுத்தாள்.

வாங்கிப்போன வேகத்திலேயே பட்டைகளைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

"மக்குக்கு இது எதுக்குன்னு கட்டிலுக்கு அடியில வீசிட்டா. ஆறு துண்டு வச்சா முழுசை விட நீளமா வருதாம். எனக்குத்தான் கணக்கு வராதேன்னு ஒரே அழுகை."

"பிள்ளை ஒழுங்கா அடுக்கியிருக்காதும்மா," என்றான் கணவன்.

அக்கா முழுப் பட்டையை மேசையில் வைத்து, அதன் கீழே ஆறு சிவப்புத் துண்டுகளையும் இடுக்கு விடாமல் வரிசையாக வைத்தாள். கடைசித் துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. துண்டுக்கு இரண்டு பக்கமும் ஓரம். துண்டு கூடக் கூட ஓரமும் கூடியிருந்தது.

"அடப்பாவமே! அவ சரியாத்தான் பார்த்திருக்கா."

"ஓரம் விடறதுதானே நல்ல வேலை?"

"அடையாள அட்டைக்கு நல்ல வேலை. இங்க பச்சைப் பொய்," என்றவள் பஸ்காரம்மாவிடம் திரும்பினாள். "அடுத்த தடவை அவளையும் கூட்டிட்டு வாம்மா."

எல்லாவற்றையும் மறுபடி அச்சிட்டாள். கெட்டி அட்டையில் ஒட்டி, மேலே கண்ணாடி போலத் தெரியும் ஸ்டிக்கரை ஒட்டி, கோட்டின் மேலேயே வெட்டினாள். மயிரிழை குறைந்த துண்டுகள் குப்பைக்குப் போயின. "தவளைக்கு இவ்வளவு மரியாதையா?" என்ற கணவனிடம் குப்பைக் கூடையை நகர்த்தி வைக்கச் சொன்னாள்.

சிறுமி வந்தாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அம்மாவை ஒட்டி நின்றாள்.

"நீ சொன்னதுதான் சரிம்மா. துண்டு நீளமாத்தான் இருந்துச்சு. தப்பா வெட்டினது நான்."

"அப்ப நான் மக்கு இல்லையா?"

"நானும் பார்க்கல, இந்தப் பெரிய மனுஷனும் பார்க்கல. நீதான் பார்த்த. இதையும் பார்த்துச் சொல்லு. சரியில்லன்னா வாங்காத."

கைகள் முன்னால் வந்தன. முழுப் பட்டைக்குக் கீழே ஆறு துண்டுகளை வைத்து, முனையில் நகத்தால் தடவிப் பார்த்தாள். மூன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு அரையை வைத்து மறுபடி தடவினாள்.

"சரியா இருக்கு. இன்னொரு சிவப்பு வச்சா பலகை ஆத்தைத் தாண்டிக் கரை மேல ஏறிடும்."

அக்கா துண்டுகளை டப்பாவில் அடுக்கி மூடினாள். பஸ்காரம்மா கை நீட்டினாள். அக்கா அந்தக் கையைத் தாண்டிக் குனிந்து, டப்பாவைச் சிறுமியிடம் கொடுத்தாள்.