விடுப்பில் இருந்தவர் வேலைக்கு வந்த பதினேழு நிமிடம்

அச்சகத்தில் அவரைக் கட்டிங்காரர் என்பார்கள். காகிதம் வெட்டும் இயந்திரத்தின் முன்னால் பத்தொன்பது வருடம் நின்றவர். அதை வேறு யாராவது தொட்டால், தன் மனைவியின் கையை அந்நியன் பிடித்தது போல அவர் முகம் கறுத்துவிடும். மனைவியின் கை விஷயத்தில் அவருக்கு அவ்வளவு அக்கறை இருந்ததா என்பதை மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

தனக்கு நோய் என்று ஒன்று வந்ததே இல்லை என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமை ஒரு திங்கட்கிழமை காலை, காகிதக் கட்டைத் தூக்கக் குனிந்த இடத்தில் முடிந்தது. குனிந்தவர் நிமிரவில்லை. எதையோ தேடிக்கொண்டு போகிறவர் போல வளைந்தபடியே வாசல்வரை நடந்தார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு நாள் பலகையில் மல்லாந்து படுக்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

படுத்திருப்பதுகூடப் பரவாயில்லை. இயந்திரத்தில் யாரை நிறுத்தினார்கள் என்பதுதான் வலித்தது. மடிப்புப் பிரிவிலிருந்த அவருடைய மைத்துனனை, மனைவியின் சொந்தத் தம்பியை, நிறுத்தியிருந்தார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் மேனேஜரிடம் கெஞ்சி அவனை அங்கே சேர்த்துவிட்டவர் கட்டிங்காரர்தான். வெட்டும் வேலையைக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான், பாதி மட்டும். மீதியை அவன் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டுவிட்டான் என்பது இப்போதுதான் வெளியே வந்தது.

மைத்துனனுக்குக் கல்யாணமாகவில்லை. குடியிருப்பது இவர்கள் வீட்டு மாடியறை, சாப்பாடு கீழே அக்கா கையால். ஆகவே, கட்டிங்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த கட்டிலுக்கே தினமும் மாலையில் செய்தி வந்து சேர்ந்தது.

"என்னங்க, தம்பி இன்னிக்கு நாலு மணிக்கே அத்தனையும் முடிச்சிட்டானாம்."

"நாலு மணிக்கு முடிச்சான்னா அளவு பார்க்கலன்னு அர்த்தம்."

"சூப்பர்வைசர் தோளைத் தட்டிக் கொடுத்தாராம்."

"தூசி ஒட்டியிருந்திருக்கும். தட்டி விட்டிருப்பாரு."

மைத்துனன் நல்லவன். அதுதான் பெரிய தொந்தரவு. கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்து, "மாமா, பிளேடை மாத்திட்டேன். இப்ப வெண்ணெய் மாதிரி போகுது" என்றான்.

"பழைய பிளேடுக்கு என்னடா கேடு?"

"ஓரம் பிசிறடிச்சுது மாமா."

"என் கையில அடிக்கலையே."

"அடிச்சுது மாமா. மடிக்கிற எங்களுக்குத்தானே தெரியும்? நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

ஆறு வருடமாகத் தன்மேல் இரக்கப்பட்டிருக்கிறான் என்பதைக் கட்டிங்காரரால் அன்று முழுவதும் செரிக்க முடியவில்லை. ஏழாம் நாள் அதைவிடப் பெரியது வந்தது. முதுகுக்காரரை இனி நிற்க வைக்க வேண்டாம், மடிப்பு மேசையில் உட்காரட்டும், இயந்திரத்தை மைத்துனனே பார்த்துக்கொள்ளட்டும் என்று சூப்பர்வைசர் யோசிக்கிறாராம். மனைவி இதை ஏதோ நல்ல சேதி போலச் சொன்னாள். "உட்கார்ந்து பார்க்கிற வேலைங்க. உங்க முதுகுக்கும் நல்லது."

எட்டாம் நாள் அவள் தையல் கடைக்குக் கிளம்பிப் போனதும், கட்டிங்காரர் இடுப்பில் பட்டையை இறுக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்தார். இயந்திரத்தைச் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவது என்று முடிவு. எல்லோரும் சாப்பாட்டு அறையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, யார் கண்ணிலும் படாமல் பின்வாசல் வழியாக நுழைந்தார். இவ்வளவு சாமர்த்தியமாக நுழைந்தவர், வாசலுக்கு உள்ளே மாட்டியிருந்த, வருகை பதியும் கடிகாரத்தைக் கண்டதும் தன் கார்டை எடுத்து டக்கென்று பதித்துவிட்டு நடந்தார். பத்தொன்பது வருடம் அந்த இடத்தில் கார்டு பதிக்காமல் கடந்தே அறியாத கை. மணி பன்னிரண்டு ஐம்பத்தொன்று.

கூடம் காலியாக இருந்தது. காலையில் வெட்டி அடுக்கியிருந்த நாட்காட்டித் தாள்களின் ஓரத்தில் விரலை ஓட்டினார். பிசிறில்லை. ஸ்கேலை வைத்தார். அளவு சரி. வேறொரு கட்டை எடுத்தார். அதுவும் சரி. ஏதாவது ஒரு குறை அகப்பட்டிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார்.

அப்போதுதான் இயந்திரத்தில் ஏற்றி வைத்திருந்த அடுத்த வேலையைப் பார்த்தார். பள்ளிக்கூட நோட்டுக்கான மேலட்டைகள். அட்டைக் கட்டு முட்டி நிற்கும் பின்தட்டு, இருக்க வேண்டிய இடத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர் தள்ளி நின்றது. அந்த நோட்டின் அளவு அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அகப்பட்டுக்கொண்டான்! எட்டு நாளில் முதல்முறையாக முதுகு வலிக்கவில்லை.

அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தால் மைத்துனன் மாட்டிக்கொள்வான், இயந்திரம் திரும்பி வந்துவிடும் என்றுதான் அவர் கணக்குப் போட்டார். நியாயமான கணக்கு. ஆனால் தப்பான அளவைத் தப்பாக விட்டுவிட்டு நகர அவர் கைக்குத் தெரியவில்லை. திட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றி, பின்தட்டைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து இறுக்கினார். பக்கத்தில் தொங்கிய வேலைச்சீட்டை அவர் படிக்கவில்லை. தெரிந்த நோட்டுக்குச் சீட்டு எதற்கு? ஒன்று எட்டுக்குக் கார்டைப் பதித்துவிட்டு வெளியேறினார்.

அன்று மாலை மைத்துனன் முகம் செத்து வந்தான்.

"அறுநூறு மேலட்டை போச்சு மாமா. மூணு மில்லி குறைச்சு வெட்டிட்டேன். அந்த நோட்டு இந்த வாரத்திலேருந்து அகலம் கூடுதல், உங்களுக்குத் தெரியாது. நான் சரியாத்தான் வெச்சேன்னு நினைச்சேன். சாப்பிட்டு வந்து மறுபடி அளவு பார்க்காதது என் தப்புதான். நேரா மேனேஜர்கிட்ட போய் ஒத்துக்கிட்டேன்."

கட்டிங்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அவரு என்ன சொன்னாரு?"

"திட்டல மாமா. இந்தக் காலத்துல யாரு தப்பை ஒத்துக்கறான்னு கையைக் குலுக்கினாரு."

"பார்த்தீங்களா?" என்றாள் மனைவி. "தப்பு செஞ்சும் நல்ல பேரு வாங்கிட்டு வந்துட்டான்!"

அதற்கு மூன்றாம் நாள் அவருக்கு மெமோ வந்தது. எழுந்து உட்கார முடியாது என்று மருத்துவச் சான்று கொடுத்தவர், விடுப்பு நாளில் பணியிடத்துக்கு வந்து கார்டு பதித்தது ஏன்? பொய்யான நோய் விடுப்பு என்று கருதி ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?

அச்சகத்தில் எல்லோருடைய மெமோவுக்கும் பதில் எழுதித் தரும் பைண்டர் ஒருவர் இருந்தார். சட்டப் புத்தகத்தை பைண்டு மட்டும் செய்திருந்தாலும் அவருக்கு வக்கீல் என்று பெயர். அவர் வந்து கட்டிலோரம் குந்தினார்.

"மூக்குக் கண்ணாடியை மறந்துட்டேன், எடுக்க வந்தேன், பழக்க தோஷத்துல கார்டு போட்டுட்டேன். இதான் பதில். டாக்டர் எடுத்த படம் கையில இருக்கு, நோய் நிஜம். எச்சரிக்கையோட விட்டுடுவாங்க. இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசின, மெஷின் போயிடும். புரியுதா?"

"புரியுது."

விடுப்பு முடிந்து வைத்த விசாரணையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மேனேஜர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், புரிந்தது போலத் தலையாட்டினார். கண்ணாடிக் கதையையும் எழுதிக்கொண்டார். வக்கீல் மேசைக்கு அடியில் கட்டிங்காரரின் தொடையை வெற்றியாகத் தட்டினார்.

மேனேஜர் பேனாவை மூடிக்கொண்டே, போகிற போக்கில் சொன்னார்: "எதுவா இருந்தாலும் வெளிப்படையா இருக்கணும்யா. உங்க மச்சானைப் பாருங்க. அறுநூறு அட்டை போச்சு. வந்து நின்னு, என் தப்புன்னான். அந்த மனசு யாருக்கு வரும்?"

"அது அவன் தப்பில்ல சார்."

வக்கீல் தொடையைக் கிள்ளினார்.

"அளவை மாத்தினது நான். சீட்டைப் படிக்காம பழைய அளவுக்குச் சுத்திவிட்டேன். கண்ணாடி என் சட்டைப் பையிலதான் இருந்தது. அவன் எப்படி வேலை பார்க்கறான்னு பார்க்கத்தான் வந்தேன். என் தப்பை எடுத்துட்டுப் போய் அவன் நல்ல பேரு வாங்கிட்டிருக்கான், நீங்களும் கையைக் குலுக்கறீங்க!"

நியாய உணர்ச்சி என்று மேனேஜர் நினைத்துக்கொண்டார். எழுந்து இவர் கையையும் குலுக்கினார். பிறகு உட்கார்ந்து, எழுத்தில் கண்டிப்பு, மடிப்புப் பிரிவுக்கு மாற்றம், வெட்டும் இயந்திரம் நிரந்தரமாக மைத்துனனுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"உன்னையெல்லாம் வெச்சுக்கிட்டு நான் எந்தக் கேஸை ஜெயிக்கிறது?" என்று வக்கீல் வாசல்வரை புலம்பிக்கொண்டே வந்தார்.

வீட்டில் வேறு கதை. மனைவி முதல் கரண்டியை அவருக்குப் போட்டாள்.

"எவ்வளவு பெரிய மனசுடா உங்க மாமாவுக்கு. மெஷினே போனாலும் போகட்டும்னு உண்மையைச் சொல்லியிருக்காரு."

"நானும்தானே அக்கா ஒத்துக்கிட்டேன்?"

"நீ செய்யாத தப்பைத்தானே ஒத்துக்கிட்ட? அதுல என்னடா இருக்கு?"

மைத்துனன் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தான். மாடிப்படியில் அவன் கால் தடதடவென்று ஏறிப்போவதைக் கட்டிங்காரர் கடைசிப் படிவரை கேட்டார். பிறகு இன்னொரு கரண்டி போடச் சொன்னார்.

அந்தச் சுகம் ஒரு ராத்திரிக்குத்தான் தாங்கியது. மறுநாள் காலை மடிப்பு மேசையில் உட்கார்ந்தார். எதிரே பிளேடு சத்தமில்லாமல் இறங்கி ஏறியது. முதல் கட்டை மைத்துனனே தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். வைத்தவன் போகவில்லை.

"எப்படி இருக்கு மாமா?"

கட்டிங்காரர் ஓரத்தைத் தடவினார், வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பிப் போட்டு மறுபடியும் தடவினார்.

"மடிக்கலாம்" என்றார்.