மண்வாரியில் இல்லாத பெயர்

மூனம்பா கடற்கரையில் வண்டியை மணலில் இறக்க வேண்டுமென்றால் இரண்டு பேரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பார்கள். ஒன்று குவீன்ஸ்லாந்து அரசாங்கம். இன்னொன்று ரெய்லீன் டக்வெல். அரசாங்கம் சீட்டைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். ரெய்லீன் பேசுவாள்.

அறுபத்து மூன்று வயது. ஜிம்பியில் இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி, கடைசி சீட்டில் நடக்கும் அடிதடியை பின்னால் காட்டும் கண்ணாடியில் பார்த்தே அடக்கி வைத்த குரல். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விடிவதற்கு முன்னால் வந்து, கறுப்புப் பாறைக்கு வடக்கே நாலாவது மணல் மேட்டின் பின்னால் கூடாரம் அடித்துவிடுவாள். அடுத்த இரண்டு வாரம் அங்கே எள் போட்டால் எள் விழாது. ஒருத்தர் கூடாரக் கயிறு இன்னொருத்தர் சமையல் மேஜைக் காலில் கட்டியிருக்கும். எவன் குறட்டை எது என்று பிரித்துச் சொல்லக்கூடிய நெருக்கம். ஒரு கூடாரத்து ரேடியோவில் கிரிக்கெட் விக்கெட் விழுந்தால் ஐம்பது கூடாரம் சேர்ந்து உச்சுக் கொட்டும்.

இந்தக் கூட்டத்துக்குப் பெரிய பொழுதுபோக்கு கடலல்ல. எவன் வண்டி மணலில் புதைகிறது என்று பார்ப்பதுதான். சக்கரத்தில் முப்பத்தெட்டு பவுண்டு காற்றோடு தார்ச்சாலையில் வந்தவன், சக்கரம் பரந்து படியும்படி அதைப் பதினெட்டுக்கு இறக்காமல் மணலில் ஏறினால் தீர்ந்தது கதை. ரெய்லீன் வண்டிக்கு வண்டி பேசுகிற ரேடியோவை எடுத்து, "நண்பர்களே, ஒருத்தர் புதைஞ்சிருக்கார், நாற்காலியோட வாங்க" என்று அறிவிப்பாள். கூடாரம் கூடாரமாக நாற்காலியும் பீர் பாட்டிலுமாகக் கிளம்பி வந்துவிடும். முதலில் கேலி, பிறகு உதவி. வண்டி வெளியே வந்ததும் விருதளிப்பு.

விருது ஒரு மண்வாரி. நீளக் கைப்பிடி, முழுவதும் கண்ணைப் பறிக்கிற ரோஸ் பெயின்ட். புதைந்தவன் தன் பெயரைக் கைப்பிடியில் எழுதி, தன் கூடாரத்து வாசலில் அதை நட்டு வைக்க வேண்டும். அடுத்தவன் புதையும் வரை அது அங்கேதான் நிற்கும். கைப்பிடியில் முப்பத்தொரு வருஷத்துப் பெயர்கள் எறும்பு வரிசை மாதிரி ஏறியிருந்தன. அதில் ரெய்லீன் பெயர் கிடையாது. மணலில் ஒரு தடவைகூட அவள் புதைந்ததில்லை.

முதல் பெயர் ட்ரெவர். அவளுடைய முன்னாள் கணவன். பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியவன், ஒரு தடவைகூட மணலில் ஸ்டியரிங்கை அவளிடம் கொடுத்ததில்லை. "நீ ஓட்டினா பத்தடி போகாது, ரே" என்பான். கடைசிக் கோடையில் அவனே அச்சு வரைக்கும் புதைத்துவிட்டு, பழியை அவள் கொண்டுவந்த சாமான் பெட்டியின் மேல் போட்டான். அந்தக் குளிர்காலத்தில் வேறொருத்தியோடு போய்விட்டான். வண்டியும் மண்வாரியும் இவளிடம் நின்றன. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவள் தனியாக அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு கடற்கரை முழுக்க ஒரு நடை போய் வந்தாள். மண்வாரிக்கு ரோஸ் பெயின்ட் அடித்தாள். அவன் பெயரை முதலில் எழுதினாள். அந்தப் பெயரைச் சுற்றி நாலு விரற்கடை இடத்தில் இன்று வரை வேறு யாரையும் எழுத விட்டதில்லை. தனியாகக் கிடக்கட்டும் என்பாள்.

வண்டிகள் மாறிவிட்டன, இப்போதிருப்பது மூன்றாவது. கணக்கு மட்டும் மாறவில்லை. மற்றவர்களுக்கு அது ஒரு தமாஷான சாதனை. அவளுக்கு அது ட்ரெவருக்குத் தினமும் கொடுக்கிற பதில்.

இந்த வருஷம் புத்தாண்டன்று விருது வாங்கியவர் ஹாமிஷ் ப்ரெண்டிஸ், பிரிஸ்பேனில் பல் டாக்டர். நாற்பத்தைந்து வயது, புத்தம் புது வண்டி, கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஒரு கீறல் இருக்காது. கூடாரங்களுக்கு நேரெதிரே, முப்பது நாற்காலிக்கு முன்னால் புதைந்தார். போதாததற்கு இழுவைப் பட்டையை வண்டியின் பின்னால் டிரெய்லர் கோக்கிற இரும்புக் குமிழில் மாட்டப் போனார். ரெய்லீன் போட்ட சத்தத்தில் கடல்காகங்கள் பறந்துவிட்டன. குமிழ் உடைந்தால் பீரங்கிக் குண்டு மாதிரி பறந்து வந்து ஆளைக் கொல்லும், பட்டையை அடிச்சட்டத்துக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும், அறுந்தால் துள்ளாமலிருக்க மேலே ஈரத்துணி போட வேண்டும் என்று அவர் பிள்ளைகள் முன்னாலேயே வாங்கு வாங்கு என்று வாங்கினாள். கைப்பிடியில் ஒரு பெயருக்கு மட்டும்தான் இடம் மிச்சமிருந்தது. அதில் டாக்டர் எழுதி முடித்ததும் பக்கத்துக் கூடாரத்து கிளெனிஸ், அடுத்த வருஷம் புதுக் கைப்பிடி போடணும் என்றாள்.

மறுநாள் காலை கிளெனிஸின் அடுப்பு வாயு தீர்ந்துவிட்டது. ரெய்லீன் சக்கரங்களில் காற்றை முப்பத்தெட்டுக்கு ஏற்றிக்கொண்டு தார்ச்சாலை வழியாக ஊருக்குப் போய், சிலிண்டரும் ரொட்டியும் நாலு மூட்டை ஐஸும் வாங்கிக்கொண்டு திரும்பினாள். கடற்கரை நுழைவாயிலுக்கு வரும்போது மணி பத்தரை. கடல் ஏறிக்கொண்டிருந்தது. பதினொன்றரைக்கு மேல் கறுப்புப் பாறையைத் தாண்ட முடியாது.

நுழைவாயிலில் நாலு வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. எல்லாம் புதுசு. ஒருவன் காற்றை இறக்கத் தெரியாமல் வால்வையே கழற்றிக் கையில் வைத்திருந்தான். ரெய்லீனால் பார்த்துக்கொண்டு போக முடியுமா? இறங்கினாள். பதினாறு சக்கரத்துக்கும் பக்கத்தில் மண்டியிட்டு, அளவுக் கருவி எதுவும் இல்லாமல் காதாலேயே கேட்டுக் காற்றை இறக்கினாள். நாலு குடும்பத்தையும் தலைக்கு ஒரு கேலி செய்தாள். கடைசியில், இனிமேல் போனால் கடலுக்குள் போவீர்கள், மூணு மணிக்கு வற்றியதும் வாருங்கள், அது வரை டீ போட்டுக் குடியுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டுத் தன் வண்டியில் ஏறினாள். தனக்கு நேரமிருந்தது. தனக்குத்தான் இந்தக் கடற்கரை உள்ளங்கை ரேகை மாதிரி தெரியுமே.

பதினேழாவது, பதினெட்டாவது, பத்தொன்பதாவது, இருபதாவது சக்கரங்கள் அவளுடையவை. அவற்றை யாரும் தொடவில்லை.

நுழைவாயிலில் பலகை பரப்பியிருந்தார்கள், அதனால் தெரியவில்லை. அலையோரத்து ஈர மணல் தார்ச்சாலை போல இறுகியிருந்தது, அங்கேயும் தெரியவில்லை. கறுப்புப் பாறைக்குக் கீழே தண்ணீர் வந்துவிட்டிருந்தது. வழக்கம்போல ஸ்டியரிங்கை மேட்டுப் பக்கம் ஒடித்து, பாறைக்குப் பின்னால் சுற்றிப் போகிற உதிரி மணலில் ஏறினாள். வண்டி ஒரு முக்கு முக்கியது. புதைந்தால் முதலில் காலை எடு என்று முப்பத்தொரு வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்னவள், நம் வண்டி ஏறாதா என்று மிதித்தாள். வண்டி அச்சு வரை இறங்கி உட்கார்ந்தது.

இறங்கிப் பார்த்தாள். நாலு சக்கரமும் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை மாதிரி உருண்டையாக, மதமதவென்று நின்றன.

"அடி முட்டாளே" என்றாள், சத்தமாக.

காற்றை இறக்கினாள். ஆனால் அச்சு மணலில் பதிந்த பிறகு காற்றை இறக்கி மட்டும் ஆகாது, தோண்ட வேண்டும். சக்கரத்துக்கு அடியில் கொடுக்கிற பலகைகளை நேற்று கிளெனிஸின் மருமகனுக்குக் கொடுத்திருந்தாள். சொந்த மண்வாரி கூடாரத்தில், கக்கூஸ் குழிக்குப் பக்கத்தில். நமக்கெதற்கு என்ற நினைப்பு. ஐஸ் பெட்டி மூடியை எடுத்துத் தோண்ட ஆரம்பித்தாள். ஒரு மூடி அள்ளினால் ஒன்றரை மூடி சரிந்தது.

அலை பின்சக்கரத்துக்கு முப்பதடியில் இருந்தது. பிறகு இருபது. அந்த இடத்தில் கூடாரங்கள் இல்லை, மேட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் ஜனம். ரேடியோவை எடுத்து ஒரு வார்த்தை சொன்னால் பத்து நிமிஷத்தில் முப்பது பேர் வந்துவிடுவார்கள். வண்டி பிழைக்கும். கணக்கு போய்விடும். சொல்லாவிட்டால், இன்னும் அரைமணியில் உப்புத் தண்ணீர் என்ஜினுக்குள் போய் வண்டி பழைய இரும்பாகிவிடும். இது யோசிக்கிற விஷயமே இல்லை. ஆனாலும் யோசித்தாள். ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரே ஒரு அலை பார்க்கலாம் என்று நின்றாள். அந்த அலை போனதும் இன்னொன்று. பத்தடி போகாது என்ற குரல் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. ரேடியோவை இறுகப் பிடித்தாள். பயமா, கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போது பாறையின் அந்தப் பக்கமிருந்து, மேட்டு மணலில் தள்ளாடிக்கொண்டே ஒரு புத்தம் புது வண்டி வந்தது. ஹாமிஷ். பால் தீர்ந்துவிட்டதாம், ஊருக்குக் கிளம்பியிருக்கிறார். கெட்டியான இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு இறங்கினார்.

ரெய்லீனுக்குப் பழக்கதோஷம் போகவில்லை. "கடல் ஏறுற நேரத்துல எவனாவது வண்டிய எடுப்பானா, டாக்டரே?"

"நீங்க எடுத்திருக்கீங்களே."

ஹாமிஷ் சக்கரத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். வலிக்கிறதா என்று நோயாளியைக் கேட்காமலே தெரிந்துகொள்கிற தொழில். வண்டியின் பின்கதவைத் திறந்து, தன்னிடம் இருந்த ஒரே மண்வாரியை எடுத்துக்கொண்டு வந்தார்.

ரோஸ் மண்வாரி. விதிப்படி அவர் கூடாரத்து வாசலில் நிற்க வேண்டியது; நேற்றுப் புதைந்த பயத்தில் கையோடு எடுத்து வந்திருந்தார்.

ரெய்லீன் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதத் தவிர வேற இல்லியா?"

"கடையில போயி வாங்கிட்டு வரட்டுமா?"

இரண்டு பேரும் மாறி மாறித் தோண்டினார்கள். ஹாமிஷ் இழுவைப் பட்டையை இரண்டு வண்டியிலும் அடிச்சட்டத்துக் கொக்கியில் மாட்டினார். அவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு துண்டைக் கடல் தண்ணீரில் நனைத்துப் பட்டையின் நடுவில் போட்டார். முதல் இழுப்பில் வண்டி அசையவில்லை. ஓர் அலை வந்து பின்சக்கரத்தை நக்கிவிட்டு, தோண்டிய பள்ளத்தில் பாதியைத் தூர்த்துவிட்டுப் போனது. ஐஸ் பெட்டி மூடி மிதந்துகொண்டே போய்விட்டது. மறுபடி தோண்டினார்கள். இரண்டாவது இழுப்பில் வண்டி முனகியது, ஆடியது, சேற்றிலிருந்து எழுகிற எருமை மாதிரி எழுந்து மேட்டுக்கு வந்தது.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் நின்றிருந்த பள்ளத்தைக் கடல் சுத்தமாக அழித்துவிட்டது. சக்கரத் தடம்கூட இல்லை.

ஹாமிஷ் பட்டையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "யாரும் பாக்கல, ரெய்லீன். எனக்கு வாயில கை வெச்சுத்தான் பழக்கம், வாயைத் திறந்து பழக்கமில்ல."

நல்ல மனுஷன். நேற்று அத்தனை வசவு வாங்கியவன். ரெய்லீன் சரியென்று தலையாட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். தலையாட்டத்தான் போனாள். ஆனால் வண்டி வெளியே வந்த நொடியில் அவளுக்குள் ஒன்று நடந்திருந்தது. காதுக்குப் பக்கத்தில் கேட்ட குரல் நின்றுபோயிருந்தது. புதைந்தாயிற்று, பிழைத்தாயிற்று, வானம் இடிந்து விழவில்லை. முப்பத்தொரு வருஷமும் தனியாக ஓட்டினோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், அத்தனை வருஷமும் ட்ரெவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துத்தான் ஓட்டியிருக்கிறோம் என்று இப்போதுதான் கண்டாள். எவ்வளவு பெரிய சுமை, எவ்வளவு வெட்டி எரிபொருள். வெடித்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது. துடைத்துக்கொண்டு ரேடியோவை எடுத்தாள்.

"நண்பர்களே, கறுப்புப் பாறைகிட்ட ஒருத்தர் புதைஞ்சாங்க. பேரு ரெய்லீன் டக்வெல். காத்த எறக்க மறந்துட்டா. பல் டாக்டர் புடுங்கி எடுத்துட்டாரு. நாற்காலி வேண்டாம், நானே வரேன்."

ரேடியோவில் கிளெனிஸின் குரல் வந்தது. "ரே, குடிச்சிருக்கியா?"

மேட்டு மணல் வழியாக அவள் முன்னாலும் ஹாமிஷ் பின்னாலுமாகக் கூடாரங்களுக்கு வந்து சேர்ந்தபோது, வேண்டாம் என்று சொல்லியும் நாற்காலிகள் வந்திருந்தன. முப்பது அல்ல, எண்பது இருக்கும். கைதட்டினார்கள், விசிலடித்தார்கள், ஒருவர் அவள் கழுத்தில் குழந்தைகளின் காற்றடைத்த நீச்சல் மிதவையை மாலையாகப் போட்டார். அவள் அத்தனையையும் தேர்தலில் ஜெயித்தவள் மாதிரி ஏற்றுக்கொண்டாள்.

கிளெனிஸ் எழுதுகோலைக் கொண்டுவந்து, மண்வாரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைப்பிடியில் இடம் இல்லை. ட்ரெவர் பெயரைச் சுற்றியிருந்த நாலு விரற்கடை மட்டும்தான் காலி. அதைப் பார்த்ததும் கிளெனிஸ் எழுதுகோலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பழைய ஆட்கள் சிலர் ரெய்லீன் முகத்தைப் பார்த்தார்கள்.

"அங்கயா?" என்றாள் ரெய்லீன். "அவம் பக்கத்துல நான் ஏற்கெனவே பதினோரு வருஷம் இருந்தாச்சு."

மண்வாரியை வாங்கித் தலைகீழாகத் திருப்பினாள். தட்டையான இரும்பு இலையின் ரோஸ் பெயின்டில், கைப்பிடியிலுள்ள அத்தனை பெயரையும் விடப் பெரிதாக, RAELENE என்று எழுதி, கூடாரத்து வாசலில் இலை மேலே இருக்கும்படி குத்தி நிறுத்தினாள். கடற்கரையில் போகிற வண்டியிலிருந்தே படிக்கலாம்.

ஹாமிஷ் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இலையில எழுதினா எப்படி? அடுத்த ஆளுக்குத் தோண்டறப்ப பேரு அழிஞ்சுடுமே" என்றார்.

ரெய்லீன் கிளெனிஸின் சிலிண்டரை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அழியட்டுமே, டாக்டரே. மறுபடி புதைஞ்சா மறுபடி எழுதிக்கிறேன்."