டொக்கு மேஸ்திரியும் என் மூன்று ஆர்க்கிட் தொட்டிகளும்

என் வீட்டுக்காரரை வேலைத்தளத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டொக்கு மேஸ்திரி என்றால்தான் தெரியும். முப்பது வருடமாகச் சுவர் கட்டுகிறார், பூசுகிறார், தரைக்கு டைல்ஸ் பதிக்கிறார். பதித்து முடித்ததும் பூசுகரண்டியின் கைப்பிடியால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பார். 'டக்' என்று கேட்டால் அடியில் கலவை நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். 'டொக்' என்று கேட்டால் அடியில் காற்று நிற்கிறது, வேலை சரியில்லை. அந்த நிமிடமே பெயர்த்துப் போட்டு மறுபடி பதிப்பார். சாப்பாட்டு நேரமானாலும் சரி.

அதை வேலையோடு விட்டிருந்தால் நான் ஏன் புலம்பப் போகிறேன்? போகிற இடமெல்லாம் தட்டுவார். இந்த வீட்டை வாடகைக்குப் பார்க்க வந்தபோது அடுப்படியில் வெளிச்சம் வருகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் குனிந்து தரையைத் தட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்து வீட்டுக்காரம்மாவின் காலை மிதித்துவிட்டார். எனக்கு ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கண்விழித்தபோது காதில் விழுந்த முதல் சத்தமே டொக் டொக்தான். கட்டிலுக்குப் பின்னால் நின்று சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டுமே! "கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிப் படு. அந்த டைல் உன் தலையில விழுந்துரும்" என்றார்.

மூன்றாம் நாள் அந்த டைல் விழத்தான் செய்தது. இவரோடு குடித்தனம் நடத்துவதில் உள்ள கஷ்டமே இதுதான். பாதி நேரம் இவர் சொல்வது சரியாக இருந்து தொலைத்துவிடும்.

அதனால் இந்த வீட்டில் எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். கொடிக்கயிறு எங்கே கட்டுவது, அலமாரி எந்தச் சுவரில் நிற்பது, எல்லாம் அவர் முடிவு. முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் உயரத்துக்கு மாட்டி வைத்திருக்கிறார். அதில் எனக்கு என் நெற்றி மட்டும் தெரியும். முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஊர்த் துணியெல்லாம் அவரவர் அளவுக்குத் தைத்துக் கொடுக்கிறவள் நான். என் அளவுக்கு இந்த வீட்டில் ஒன்றுமில்லை.

அதனால்தான் அந்த மூன்று ஆர்க்கிட் செடிகளை வாங்கினேன். வீட்டுக்கு என்று இல்லாமல் எனக்கே எனக்கென்று வாங்கியவை. இரண்டில் இலை மட்டும். மூன்றாவதில் நீளமான தண்டும் அதில் ஏழு மொட்டும். ஆர்க்கிட் பூவை அடுத்தவர் வீட்டு மேஜையில் பார்த்திருக்கிறேனே தவிர, மொட்டு விரிவதைப் பார்த்ததில்லை. அதைப் பார்க்கவேண்டும், என் பால்கனியில், என் கையால் வளர்த்து. அவ்வளவுதான் என் ஆசை.

செடிக்கடை அம்மா விவரமாகச் சொல்லித்தான் கொடுத்தாள். "வேரச் சுத்தி ஈரப்பாசிய அடைச்சு வச்சிருக்கும்மா. தூரத்துல இருந்து லாரியில வர்றதுக்காக அப்படி. வீட்டுல அப்படியே விட்டா உள்ளே அழுகிடும். பாசிய மெதுவா உருவிட்டு வேற தொட்டிக்கு மாத்திடு. ஆனா மொட்டு வச்சிருக்கறத மட்டும் இப்ப தொடாத. பூத்து முடியட்டும்."

"என்ன மண்ணு போடணும்?"

"மண்ணே கூடாதும்மா! இது மரத்துல ஒட்டிக்கிட்டு வளர்ற செடி. வேருக்குத் தண்ணிய விடக் காத்துதான் முக்கியம்."

மண் இல்லாவிட்டால் வேறு என்ன என்பதில் இரண்டு வாரம் போனது. மரப்பட்டைத் துண்டு நல்லது, ஆனால் நாளானால் மக்கிப்போகும். கரி மக்காது, ஆனால் ஈரம் பிடிக்காது. தேங்காய் மட்டைத் துண்டு ஈரம் பிடிக்கும், ஆனால் அதிலுள்ள உப்புப் போக ஊறவைத்து அலச வேண்டும். கடைசியில் பட்டை பாதி, கரியும் மட்டையும் மீதி என்று முடிவுக்கு வந்தேன். மட்டையை வாளியில் ஊறப்போட்டு மூன்று தண்ணீர் மாற்றினேன். கரியை ஒரே அளவாக உடைத்துச் சலித்து வைத்தேன்.

அவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வாளியை எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"இதுல செடி எப்படி நிக்கும்? பிடிமானமே இல்லையே. செங்கல் ஜல்லியும் மணலும் போட்டா மலை மாதிரி நிக்கும்."

"ஏங்க, இது என் செடி. நான் பாத்துக்கறேன்."

"உன் செடிதான். யாரு இல்லைன்னது?"

அந்தப் பதிலிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தைத்த சீருடைகளைக் கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்பினேன். பால்கனியில் மூன்று புதுத் தொட்டிகள் வரிசையாக நின்றன. மூன்று! மொட்டு வைத்த செடியையும் விட்டுவைக்கவில்லை. நான் ஊறவைத்த மட்டை வாளியிலேயே கிடந்தது. தொட்டிகளில் செங்கல் ஜல்லி, இடுக்கெல்லாம் ஆற்று மணல், மேலே கரண்டியால் இழைத்து மட்டம் பார்த்திருந்தார். தொட்டிக்கு வெளியே சுதந்திரமாக நீட்டிக்கொண்டிருந்த வெள்ளை வேர்களைக் காணோம்.

"வேர் எங்கங்க?"

"உள்ள தள்ளிட்டேன். கான்கிரீட்டுல கம்பி வெளிய தெரிஞ்சா துருப்பிடிச்சுரும்."

"அது கம்பியா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். தண்டு கூட ஒரு பக்கமாச் சாஞ்சிருந்துச்சு. தூக்குக்குண்டு விட்டு நேராக்கிட்டேன் பாரு."

வில்லாக வளைந்து தொங்க வேண்டிய பூத்தண்டை மூங்கில் குச்சியோடு சேர்த்து மூன்று இடத்தில் கட்டி, கொடிக்கம்பமாக நிறுத்தியிருந்தார். பிறகு என் கண்ணெதிரே குனிந்து கரண்டிக் கைப்பிடியால் தொட்டியைத் தட்டினார். டக். அடுத்தது. டக். மூன்றாவதும் டக்.

"கேட்டியா? முதல்ல டொக்குன்னு கேட்டுச்சு. நல்லா இடிச்சு இறுக்கினேன். இப்ப ஒரு பொட்டுக் காத்து இல்ல."

குரங்கு கையில் பூமாலை என்று சொல்வார்கள். என் விஷயத்தில் அந்தக் குரங்கின் கையில் கரண்டியும், மட்டம் பார்க்கும் ரசமட்டமும் வேறு இருந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் உடனே செடிக்கடை அம்மாவுக்குப் போன் போட்டேன். "இன்னொரு தடவ கலைச்சா ஒரு மொட்டும் நிக்காதும்மா. கொஞ்ச நாள் பாரு" என்றாள். சரி, அவரே பார்க்கட்டும் என்று நானும் வீம்பாக விட்டுவிட்டேன். அதில் என் தப்பும் இருக்கிறது. மற்ற இரண்டையாவது அன்றைக்கே எடுத்திருக்கலாம்.

ஐந்தாம் நாள் முதல் மொட்டு மஞ்சளாகி விழுந்தது. அப்புறம் தினம் ஒன்று. காலையில் பால்கனிக் கதவைத் திறக்கவே பயமாக இருந்தது. மிஷினில் உட்கார்ந்தால் தையல் கோணியது. ஒரு செடியின் அடி இலை தொட்டால் கொழகொழவென்றிருந்தது. தொட்டியிலிருந்து ஊசல் நாற்றம். இவரோ ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். வெயில் அதிகம் என்றார். கடைக்காரி ஏமாற்றிவிட்டாள் என்றார். பத்தாம் நாள் தண்டில் ஒரே ஒரு மொட்டு மிஞ்சியது. அப்போதும், "இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கணுமோ?" என்று கரண்டியை எடுத்தார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நாக்கில் சனி உட்கார்ந்தது.

"இப்படி இறுக்கி இறுக்கித்தானே அந்தச் சுவரும் விழுந்துச்சு!"

அவர் கை அப்படியே நின்றது.

அந்தச் சுவரைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், மேட்டு நிலத்து வீடு ஒன்றில் மண் சரியாமல் இருக்க இவர் கட்டிய தாங்குசுவர். அந்த மாதிரிச் சுவரில் மண்ணில் தேங்கும் தண்ணீர் வெளியேற இடையிடையே ஓட்டை விடவேண்டும். இவருக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் தான் கட்டிய சுவரில் ஓட்டை விட இவருக்கு மனசு வரவில்லை. எறும்பு நுழைய இடமில்லாமல் கட்டினார். அந்த வருட மழையில் சுவருக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் போக வழியில்லாமல் சுவரை மொத்தமாகத் தள்ளிவிட்டது. அந்த வீட்டுப் பெண் சைக்கிளை அங்கே நிறுத்திவிட்டு உள்ளே போய் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சைக்கிள் தகடாகிவிட்டது. மறுபடி இவரே தனியாளாக நின்று, ஓட்டைகள் விட்டு, அந்தச் சுவரைக் கட்டிக் கொடுத்தார். அதற்கப்புறம் அந்தத் தெரு வழியாக இவர் போனதே இல்லை.

சொல்லியிருக்கக் கூடாது. மொட்டுக்காக மனுஷனைக் குத்திவிட்டேன். ஆனால் சொன்னதை வாபஸ் வாங்கவும் என் வீம்பு விடவில்லை. அடுப்படிக்குப் போய் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

பால்கனியில் சுத்தியல் சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தால், நாற்றமடித்த தொட்டியை உடைத்து, செடியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். வேர் பழுப்பாகக் குழைந்து கையோடு வந்தது. உடைந்த தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றது.

"தண்ணி போக வழியே இல்ல" என்றார். அதை என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ன செய்யணும்னு நீ சொல்லு."

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் இந்த வார்த்தை எனக்கு இதுதான் முதல் தடவை. சந்தோஷப்படக்கூட அவகாசமில்லை. மனுஷன் என் தையல் கத்தரிக்கோலை எடுத்து அழுகின வேரை வெட்டப் போனார். "ஐயையோ, அது துணி வெட்டுறதுங்க!" என்று பிடுங்கிக்கொண்டு பழைய கத்தரியைக் கொடுத்தேன்.

உடைத்த தொட்டிச் செடிக்கு ஒரு வேர்கூட மிஞ்சவில்லை. அது போனது போனதுதான். இன்னொன்றில் நாலு வேர் தேறியது. மொட்டுச் செடியில் பாதி பிழைத்திருந்தது. டைல்ஸில் துளைபோடும் மிஷினைக் கொண்டுவந்து தொட்டிகளின் பக்கவாட்டில் சுற்றிச்சுற்றி ஓட்டை போட்டார். நான் போதும் என்ற பிறகும் நாலு போட்டார். பட்டை, கரி, மட்டை மூன்றையும் கலந்து நான் போடப் போட, அவர் செடியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு தடவை அவர் கட்டைவிரல் தானாகவே அமுக்கப் போனது. "கைய எடுங்க" என்றேன். எடுத்தார். மூங்கில் குச்சியை அவிழ்த்ததும் தண்டு பழையபடி வளைந்துகொண்டது. அந்தக் கோணலை அவர் எச்சில் விழுங்கிக்கொண்டு பார்த்தார். கை வைக்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் பழக்கதோஷம், கரண்டியைத் திருப்பிப் பிடித்துத் தொட்டியைத் தட்டினார்.

டொக்.

பெயர்த்துவிடுவாரோ என்று கையை நீட்டினேன். அவர் தலையைச் சாய்த்து இன்னொரு தடவை தட்டிக் கேட்டார். டொக்.

"சரியா இருக்கு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சுவர் பேச்சை எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மூன்றாம் தடவை கரண்டியை ஓங்கிவிட்டார்.

"தட்டாதீங்க! அந்த ஒரு மொட்டாவது நிக்கட்டும்!"

நின்றது. அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் காலையில் மெதுவாக விரிந்தது, வெள்ளையில் லேசான ஊதாக் கோடுகளோடு. பால்கனியில் அதை என் முகத்துக்கு நேராக மாட்டி வைத்திருக்கிறேன். இடத்தைச் சொன்னது நான், ஆணி அடித்தது அவர். கண்ணாடியில்தான் இன்னும் என் நெற்றி மட்டும் தெரிகிறது.