பலகைமேல் இருந்த பெட்டி

சுவிட்சுத் தொழிற்சாலையில் அவளுக்கு ஏனக்கா என்று பெயர். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? குடிதண்ணீர்க் குழாய் ஏன் கழிப்பறையை ஒட்டி இருக்கிறது, முதலாளி வரும் நாளில் மட்டும் மின்விசிறி ஏன் வேகமாகச் சுற்றுகிறது என்பதுவரை கேட்டிருக்கிறாள். பதில் வராவிட்டால் வருந்தமாட்டாள். மறுநாள் வேறொருவரைப் பிடிப்பாள்.

அவளுடைய வலது தோளில் வலி கண்டது. தலை வாரக்கூடக் கை எழவில்லை. கம்பெனி டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, வீட்டில் துணி துவைப்பதால் வந்த வலி என்றார்.

"எங்க வீட்டுல துணி துவைக்கிறது அவர்தான் டாக்டர். அவருக்குத் தோள் நல்லாத்தான் இருக்கு."

டாக்டர் சிரிக்கவில்லை. வலிக்குக் காரணம் வீட்டு வேலை என்றே சீட்டில் எழுதினார். அடுத்த மாதப் பரிசோதனையில் கை காதுவரை உயராவிட்டால் வேலைக்குத் தகுதியற்றவள் என்று அனுப்பிவிடுவார்கள். செய்யாத வேலைக்காக, செய்த வேலை பறிபோகும் என்பதை அவளால் விழுங்க முடியவில்லை. வீட்டிலிருந்து வரவில்லை என்றால் வேறு எங்கிருந்து வந்தது?

சாப்பாட்டு வேளையில் ஒவ்வொருவரிடமும் எங்கே வலிக்கிறது என்று விசாரித்தாள். திருகாணி முடுக்குகிறவர்களுக்கு முழங்கை. அட்டைப்பெட்டி மடிக்கிறவர்களுக்கு மணிக்கட்டு. தோள்வலி அவளுடைய மேசையில் உள்ள ஆறு பேருக்கு மட்டும்தான். ஐந்து பேருக்கு வலது தோள், பக்கத்து இருக்கைக்காரிக்கு இடது. அவள் இடக்கைக்காரி.

அதன் பிறகு ஏனக்கா சுவிட்சைப் பார்ப்பதை விட்டுக் கைகளைப் பார்த்தாள். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு ஸ்பிரிங். அதை எடுக்க ஆறு கைகளும் தலைக்கு மேலிருந்த பலகைக்கு ஏறி இறங்கின. ஸ்பிரிங் பெட்டிகள் அங்கேதான் இருந்தன. மேசையில் தாராளமாக இடம் இருக்கும்போது பெட்டிக்கு ஏன் அவ்வளவு உயரம்?

மேற்பார்வையாளர், தாம் வந்தபோதே அப்படித்தான் இருந்தது என்று கைவிரித்தார். மேசையின் மறுகோடியில் இருந்த, ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர்பெற்றவள், அவர் நகரும்வரை காத்திருந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நாங்களேதான்டி தூக்கி வெச்சோம். நீ வர்றதுக்கு முன்னாடி மேசைலதான் இருந்துச்சு. அப்ப இருந்த சூப்பர்வைசருங்க எட்டிப் பாத்துட்டு, இவ பெட்டி பாதி காலியாயிருச்சு, நீ மட்டும் என்ன பண்றேன்னு உசுர வாங்குவாங்க. கண்ணுக்கு மேல வெச்சோம், அதோட வாயை மூடிட்டாங்க."

ஏனக்காவுக்கு விஷயம் விளங்கியது. செய்து முடித்த சுவிட்சுகள் ஒரே தொட்டியில் கலந்துவிடும். யாருடைய கை வேகம், யாருடையது நிதானம் என்பதைப் பெட்டி மட்டுமே காட்டிக்கொடுக்கும். டாக்டரிடம் காரணத்தைச் சொன்னால் பெட்டிகள் மேசைக்கு வந்துவிடும். ரேடியோவின் கைதான் ஆறிலும் மெதுவானது. சொல்லாவிட்டால் போவது தன் வேலை.

யோசித்தவள், மறுநாள் வீட்டிலிருந்து குட்டி முக்காலி ஒன்றைக் கொண்டுவந்தாள். மேசைக்கு அடியில், வலது முழங்காலை ஒட்டிப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்தாள். மேசையின் முன்பலகை அதை மறைத்தது. கை மேலே ஏறாமல் கீழே இறங்கியது. மேற்பார்வையாளர் இருமுறை கடந்து போனார். பலகையில் ஐந்து பெட்டிகளே இருப்பது அவர் கண்ணில் படவில்லை.

அடுத்த மாதப் பரிசோதனையில் கை, கொஞ்சம் முனகிக்கொண்டே, காதைத் தொட்டது. டாக்டருக்கு மகிழ்ச்சி. வீட்டு வேலையைக் குறைத்ததால் குணம் என்று எழுதி நீட்டினார். அவள் அதை இருமுறை படித்தாள். உண்மை நாக்கின் நுனிவரை வந்து நின்றது. ஐந்து பேரின் முகங்களை நினைத்து அதை உள்ளே தள்ளிவிட்டு, பொய்யான சீட்டை ஒழுங்காக மடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மேசையில் இடக்கைக்காரி காத்திருந்தாள்.

"என்னக்கா எழுதுனாரு?"

"வேலைல இருக்கலாம்னு."

"எதனால வந்துச்சுன்னு?"

"அது அவருக்கு வேண்டாமாம்."

 இடக்கைக்காரி எழுந்து, பலகையிலிருந்து தன் பெட்டியை இறக்கினாள்.

"எனக்கு எந்தப் பக்கம் வைக்கணும்? உயரம் பாத்துச் சொல்லுக்கா."

ஏனக்கா மேசைக்கு அடியில் குனிந்து, அவளுடைய இடது முழங்காலுக்கும் தரைக்கும் நடுவே சாணால் அளக்கத் தொடங்கினாள்.