முதல் தட்டு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ராட்டினம் என்றுதான் கூப்பிட்டார்கள். நிற்காமல் சுற்றுகிறவள். பத்தொன்பது வருடமாகத் தரைக்கு அடியிலிருந்த அந்தத் தளத்தில் வேலை. அங்கிருந்த ஒரே ஜன்னலில் தெருவில் நடக்கிறவர்களின் செருப்புகள் மட்டும் தெரியும். மழை வந்தால் அந்தச் செருப்புகள் ஓடுவதைப் பார்த்துத்தான் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியவரும்.

அவளுடைய இடம் இஸ்திரி உருளை. இரண்டு ஆள் கை விரித்த அகலத்துக்கு ஒரு சூடான இரும்பு உருளை ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். ஈரம் பிழிந்த படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, ஒரு உதறு உதறி, உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். அது கவ்வுகிற நொடியில் விரலை விட்டுவிட வேண்டும். ஒரு நாளைக்கு எழுநூறு விரிப்பு. மறுமுனையைப் பிடிப்பவள் நெட்டை என்று பெயர் வாங்கிய ஒரு இளம்பெண். இருவரும் பேசிக்கொண்டே வேலை பார்ப்பார்கள், கண் மட்டும் விரிப்பை விட்டு நகராது.

நாற்பத்தேழாவது வயதில் ஒரு நாள், காலை பதினோரு மணிக்கு, ராட்டினம் நின்றபடியே தூங்கிப்போனாள்.

கண்ணைக்கூட முழுதாக மூடவில்லை. விரிப்பைக் கொடுத்தாள், விரலை விடவில்லை. துணியோடு துணியாகக் கை உள்ளே போய்க்கொண்டிருந்தது. "அக்கா!" என்று நெட்டை அலறி, சிவப்புக் குமிழை அடித்தாள். உருளை நின்றது. விரல் முட்டிகள் நான்கில் தோல் வெந்திருந்தது. அவ்வளவோடு போயிற்று.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். அவளைவிடப் பத்து வயது சின்னவர். கெட்டவர் இல்லை, ஆனால் எதற்கும் ஒரு படிவம் வைத்திருப்பவர்.

"ராட்டினக்கா, வயசாகுதில்ல. நாளையிலிருந்து கிழிசல் தைக்கிற மூலைக்குப் போயிடுங்க. உக்காந்த வேலை."

கிழிசல் மூலை என்றால் என்ன என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அங்கே போய் உட்கார்ந்தவர்கள் ஆறு மாதத்தில் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

"மூணு மாசம் குடுங்க சார்," என்றாள் அவள். "மூணு மாசத்துல நான் இந்த உருளைக்கு முன்னாடி நிக்க முடியலைன்னா நானே போய் ஊசியில நூல் கோத்துக்கறேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் மடிக்கிற மேஜை. அங்க சுடறதுக்கு எதுவும் இல்ல."

அவர் யோசித்தார். தலையை ஆட்டினார். ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அந்தச் சோர்வு அன்றைக்கு வந்ததல்ல. ஒன்றரை வருடமாகவே இருந்தது. படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். தலை வாரக் கையைத் தூக்கினால் கை கல்லாய்க் கனக்கும். பஸ்ஸில் உட்கார்ந்தால் இறங்குமிடம் தாண்டிப் போய்விடும். வீட்டில் சொன்னால், பஸ் டிரைவரான புருஷன், "எனக்கு மட்டும் சோர்வு இல்லியா?" என்பான். கீழ் வீட்டில் குடியிருந்த அவனுடைய அக்கா, "பொம்பளைன்னா அப்படித்தான் இருக்கும், நாங்கள்லாம் சொல்லிட்டா திரிஞ்சோம்?" என்பாள். எல்லோரும் சொன்னதில் அவளும் அதை நம்பிவிட்டிருந்தாள். வெந்த விரலைப் பார்த்த அன்றைக்குத்தான் கோபம் வந்தது. யார் மேல் என்று அவளுக்கே புரியாத கோபம். ஆனால் அதில் ஒரு தெம்பு இருந்தது.

மறுநாள் அதே ஆஸ்பத்திரியின் மேல் தளத்துக்கு நோயாளியாகப் போனாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. டாக்டரம்மா கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், ரத்தம் எடுக்க அனுப்பினார். மாலையில் காகிதம் வந்தது.

"ரத்தம் ஏழரைதான் இருக்கு."

"ஏழரை என் கூடவே இருக்குன்னு எனக்கு எப்பவோ தெரியும் டாக்டர்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முகத்தை நேராக்கிக்கொண்டு, "மாசா மாசம் போக்கு அதிகமா இருக்கா?" என்று கேட்டார்.

ஒன்றரை வருடமாக என்று சொன்னாள். ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் சின்னக் கட்டி ஒன்று இருந்தது. பயப்படும்படி இல்லை, மருந்திலேயே போக்கைக் கட்டுப்படுத்தலாம் என்றார். இரும்புச் சத்து மாத்திரை எழுதினார். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க? காலையிலிருந்து சொல்லுங்க."

"காலையில ஒரு டீ. வேலைக்கு வந்து ஒரு டீ, ரெண்டு பிஸ்கட். மதியம் பொண்ணு மீதி வச்ச ரொட்டி. அப்புறம் டீ. ராத்திரி…" அவள் நிறுத்தினாள். "ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு முடிச்சதும் பாத்திரத்துல இருந்தது."

"என்ன இருந்தது?"

"ஞாபகமில்ல. பாத்திரம் கழுவணுமேன்னு வழிச்சுப் போட்டுக்கிட்டேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க சாப்பிடலம்மா. பாத்திரத்தைக் காலி பண்ணியிருக்கீங்க."

அந்த ஒரு வாக்கியம் முள்ளாகத் தைத்தது. பஸ்ஸில் தூங்காமல் வீடு வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

அன்று ராத்திரி பருப்பும் கீரையும் வேகவைத்தாள், மூன்று முட்டை அவித்தாள். எல்லாம் ஆனதும் ஒரு தட்டை எடுத்துத் தனக்குப் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்து மேஜை முன்னால் உட்கார்ந்து, ஆவி பறக்கச் சாப்பிட ஆரம்பித்தாள். புருஷன் கை கழுவிவிட்டு வந்து நின்றான். கல்லூரியில் படிக்கிற மகளும் வந்து நின்றாள்.

"எங்களுக்கு?" என்றான் அவன்.

"அடுப்பு மேல இருக்குங்க. கரண்டி உள்ளயே இருக்கு."

அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. சண்டையா என்று முகத்தைப் பார்த்தான். சண்டைக்கான அறிகுறி எதுவும் இல்லை. அவள் முட்டையைப் பாதியாகப் பிளந்து மிளகு தூவிக்கொண்டிருந்தாள். மகள்தான் முதலில் சிரித்தாள். "வாங்கப்பா, நான் போட்டுத் தரேன்."

"உங்க அப்பாவுக்குக் கை இருக்கு," என்றாள் ராட்டினம், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஸ்டியரிங் பிடிக்கிற கை கரண்டி பிடிக்காதா?"

கீழ் வீட்டு அண்ணிக்குச் செய்தி போக ஒரு நாள் ஆகவில்லை. மாடிப்படியில் நின்றபடி, "என்ன, மகாராணிக்குத் தனிப் பந்தியாமே?" என்றாள்.

"ஆமா அண்ணி. முதல் பந்தி. நீங்களும் வர்றதுன்னா சீக்கிரம் வாங்க, ஆறினா நல்லா இருக்காது."

அண்ணி முகத்தை நொடித்துக்கொண்டு போனாள். ராட்டினத்துக்கு அன்றிரவு மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது உண்மைதான். இருபத்திரண்டு வருடப் பழக்கம் இரண்டு நாளில் போகாது. மூன்றாம் நாளும் முதல் தட்டைத் தனக்கே போட்டாள். பழக்கத்தில் புருஷன் தட்டுப் பக்கம் போன கரண்டியைத் திருப்பினாள். போட்டாள்.

மாத்திரை விழுங்கும்போது டீ கூடாது, சத்து உடம்பில் சேராமல் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் காலை டீ மத்தியானத்துக்குப் போனது. அந்த இடத்தில் ஒரு ஆரஞ்சு வந்தது. முதல் வாரம் டீ இல்லாத தலைவலியில் நெட்டையிடம் எரிந்து விழுந்தாள். நெட்டை பொறுத்துக்கொண்டு, "அக்கா, உங்களுக்கு டீதான் புருஷன் போல" என்றாள்.

உடற்பயிற்சியில்தான் பெரிய தப்புச் செய்தாள். தினம் பத்து நிமிடம் மெதுவாக நடந்தால் போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ராட்டினத்துக்கு மெதுவாக ஒன்றைச் செய்து பழக்கமில்லை. பத்தாம் நாள், உடம்பு கொஞ்சம் இலேசானது போலத் தெரிந்ததும், விடியற்காலையில் பூங்காவைச் சுற்றி ஒரு மணி நேரம் வேகநடை போட்டாள். பிறகு வேலைக்குப் போனாள். மாலையில் வீட்டு ஜன்னல் எல்லாம் துடைத்தாள். அடுத்த இரண்டு நாள் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. கூரையைப் பார்த்தபடி அழுதாள். அவ்வளவுதான், கிழிசல் மூலைதான் என்று நினைத்தாள்.

டாக்டரம்மா திட்டினார். "ஒரு நாள் ஓடி ரெண்டு நாள் விழுந்து கிடக்கறதுக்குப் பேரு பயிற்சி இல்ல. ஓய்வும் மருந்துதான். அதையும் வேளாவேளைக்கு எடுத்துக்கணும்."

"ஓய்வுன்னா எங்க டாக்டர் எடுக்கறது? கடையிலயா விக்குது?"

"மதியம் எவ்வளவு நேரம் இடைவேளை?"

"அரை மணி."

"சாப்பிட்டது போக மிச்ச நேரம் கால் நீட்டிப் படுங்க."

அது அவளுக்குப் புதிய யோசனையாக இருந்தது. மறுநாள் ஒரு பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். கொதிகலன் அறைக்கு வெளியே ஒரு நடைவழி, வெதுவெதுப்பாக இருக்கும். வீட்டிலிருந்து கொண்டுவந்த அவித்த கடலையையும் முட்டையையும் சாப்பிட்டுவிட்டு அங்கே பாயை விரித்துப் படுத்தாள். கால் மணி நேரம்.

மூன்றாம் நாள் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

"என்னக்கா இது? இடைவேளைன்னா கேன்டீன்ல உக்காரணும்."

"உக்காரணும்னு எங்க சார் எழுதியிருக்கு?"

"துணி அறையில படுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு."

"அதுவும் சரிதான். நோயாளிங்க துணி மேல நான் படுக்கவே மாட்டேன். இது என் பாய், இது நடைவழி." கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்கு சார்."

அவர் விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் பாயைச் சுற்றிக்கொண்டு போனார். அடுத்த வாரம் நெட்டை ஒரு பாயோடு வந்தாள். அதற்கடுத்த வாரம் துவைக்கும் இயந்திரத்துக்காரிகள் இருவர். நான்கு பெண்கள் வரிசையாக நீட்டிப் படுத்திருக்க, சூப்பர்வைசர் பக்கவாட்டில் சுவரோடு ஒட்டி நண்டு மாதிரி நடந்து போக வேண்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டே சிரிப்பார்கள்.

நடை பத்து நிமிடத்திலிருந்து பன்னிரண்டானது, பன்னிரண்டு பதினைந்தானது. இடையில் ஒரு நாள் நடையே இல்லாமல் விட்டாள். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமான பயிற்சி. வீட்டில், நாற்காலி முதுகைப் பிடித்து உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள், முதலில் ஐந்து தடவை, பிறகு எட்டு. புருஷன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து எண்ணிக்கொடுத்தான். அவன் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து ஏமாற்றினால் அவள் கையால் செய்தித்தாளின் மேல் ஒரு அடி விழும்.

இரண்டரை மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, ஆஸ்பத்திரியில் சாமான் லிஃப்ட் நின்றுபோனது. ஐந்தாம் தளம் வரைக்கும் விரிப்பு போயாக வேண்டும். மேலே அறுவை சிகிச்சைக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். படிக்கட்டுதான் வழி. சூப்பர்வைசர் வியர்வையோடு வந்தார்.

"ராட்டினக்கா, நீங்கதான் இப்ப தெம்பா இருக்கீங்களே. ரெண்டு மூட்டை நீங்க எடுத்தா மத்தவங்க ஒண்ணொண்ணு எடுப்பாங்க."

பழைய ராட்டினம் என்றால் மூன்று மூட்டை எடுத்திருப்பாள். 'நல்லவேளை நீ இருந்தே' என்று யாராவது சொன்னால் அதிலேயே வயிறு நிறைந்துவிடும். இப்போது இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"மாட்டேன் சார்."

கூடமே திரும்பிப் பார்த்தது.

"இந்தத் தெம்பைச் சேர்க்க எழுபத்தஞ்சு நாள் ஆச்சு. ஒரே நாள்ல படியில கொட்ட மாட்டேன். தளத்துக்கு ஒரு ஆள் நிப்போம். கைமாத்திக் கைமாத்தி மேல அனுப்புவோம். பத்து மூட்டைக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் எல்லாரும் உக்காருவோம். நீங்களும் ஒரு தளத்துல நில்லுங்க."

"நானா?"

"உங்களுக்கும் கை இருக்கே சார்."

நேரமில்லை, வேறு யோசனையும் இல்லை. அவர் மூன்றாம் தளத்தில் நின்றார். ராட்டினம் நான்காம் தளத்தில். மூட்டைகள் கைமாறி ஏறின. பத்துக்கு ஒரு தடவை எல்லோரும் அவரவர் படியிலேயே உட்கார்ந்தார்கள். இரண்டாவது தடவை உட்கார்ந்தபோது, கீழே சூப்பர்வைசர் மூச்சு வாங்கும் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. மேல் படியிலிருந்து அவள் ஒரு ஆரஞ்சை உருட்டிவிட்டாள். அவர் பிடித்து, உரித்துத் தின்றார். கடைசி மூட்டை மேலே போனபோது ஒருவரும் சுருண்டு விழவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் உருளைக்கு முன்னால் நின்றாள். யாரும் படிவம் கேட்கவில்லை. நெட்டை மறுமுனையை நீட்டினாள். உதறினார்கள், கொடுத்தார்கள், விரல் சரியான நொடியில் விட்டது.

ரத்தம் பதினொன்றுக்கு வந்தது, பிறகு பன்னிரண்டு. சோர்வு முழுக்கப் போய்விட்டது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சில நாள் வரும். அப்படி வந்தால் இப்போதெல்லாம் அதை மறைப்பதில்லை. "இன்னிக்கு என்னால முடியாது" என்கிறாள், உரக்க, எல்லோர் காதிலும் விழும்படி. அந்த ஐந்து எழுத்தைச் சொல்ல நாற்பத்தேழு வருடம் ஆயிற்று என்பாள். 'முடியாது' என்பதில் நான்கு எழுத்துதான் என்று மகள் திருத்தினாள். "சரி, கூட ஒண்ணு என் சொந்தச் செலவு," என்றாள்.

போன குளிர்காலத்தில் காய்ச்சல் வந்து படுத்தாள். நான்காம் நாள் வேலையிடத்திலிருந்து போன். எப்போது வருவீர்கள் என்று சூப்பர்வைசர் தயங்கித் தயங்கிக் கேட்டார். புருஷன் கஞ்சியும் அவித்த முட்டையும் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தான்.

"உடம்பு எப்ப வருதோ அப்ப நானும் கூடவே வரேன் சார்," என்று சொல்லிப் போனை வைத்தாள். ஒன்பதாம் நாள் போனாள்.