கூரைமேல் நின்ற தண்ணீர்

ஹைதராபாத் உப்பலில் அம்மா கட்டிய வீட்டின் கூரை விழாது என்று சொன்னவர்கள் எங்களுக்குத் தெரிந்து இரண்டே பேர். ஒருவர் அம்மா. இன்னொருவர் அப்பா. அவரும் அதைச் சொல்லும்போதெல்லாம் அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. அம்மா சிவில் இன்ஜினீயர். சனத்நகரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, யாரோ வாங்கப்போகும் அடுக்குமாடி வீடுகளுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் இருந்தது மொட்டை மாடிக்கு நேர் கீழே ஒரு வாடகை வீட்டில். மே மாதத்தில் மின்விசிறி சுடுகாற்றைத்தான் வீசும். தம்பிக்கு முதுகெல்லாம் வேர்க்குரு வெடித்துக் கிடக்கும். தரையைத் தண்ணீர் விட்டு நனைத்து, அந்த ஈரத்தில் அவனைப் படுக்கவைப்பாள் அம்மா.

உப்பலில் சின்னதாக ஒரு மனை வாங்கியிருந்தோம். கைவசம் இருந்ததையும் வங்கிக் கடனையும் சேர்த்தாலும், வழக்கமான வீடு ஜன்னல் உயரத்தோடு நின்றுவிடும். அதனால் அம்மா வேறு மாதிரி வீடு ஒன்றை வரைந்தாள். செங்கற்களைப் படுக்கவைக்காமல் குத்தாக நிறுத்தி, சுவருக்கு நடுவே காலி இடம் விட்டாள். செங்கல் மிச்சம், நடுவில் அடைபட்ட காற்று வெயிலையும் உள்ளே விடாது. கூரையில் மேல்பகுதிக் கான்கிரீட்டும் கீழே ஓடும் கம்பியும்தான் பாரத்தைத் தாங்குகின்றன, நடுவே கம்பிகளின் இடைவெளியில் இருக்கும் கான்கிரீட் சும்மா கனத்துக்கொண்டு தொங்குகிறது என்பது அவள் கணக்கு. அந்த இடங்களில் ஓடுகளை இரண்டிரண்டாக முகம் பார்க்க வைத்து, மேலே கான்கிரீட் ஊற்றச் சொன்னாள். கனம் குறைந்தால் கம்பியும் குறையும்.

மேஸ்திரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கோடலோ காலீ, ஸ்லாபுலோ பெங்குலு. இதி இல்லா அம்மா?" என்றார். சுவருக்குள்ளே காலி, கூரைக்குள்ளே ஓடு, இதுவும் ஒரு வீடா என்று அர்த்தம். எனக்குத் தமிழைவிடத் தெலுங்கு நன்றாகப் புரியும் என்பதால் அந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் பலமாகவே தாக்கியது.

கீழே தாங்கிநின்ற முட்டுக்கட்டைகளைப் பிரித்த பிறகும் கூரை நின்றது. ஆனால் வங்கி அனுப்பிய இன்ஜினீயர் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்து, வரிசையாகச் சிவப்பு ஓடுகள் தெரிவதைக் கண்டதும் வெளியே போய் நின்றுகொண்டார். பாரம் ஏற்றிச் சோதித்துக் காட்டினால்தான் மீதிக் கடன் என்று சொல்லிவிட்டார். வாடகை வீட்டுக்காரரோ மகனுக்குக் கல்யாணம், மாதக் கடைசியில் காலி செய்யுங்கள் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

செய்தி கேட்டுப் பாளையங்கோட்டையிலிருந்து மாமா வந்து இறங்கினார். அம்மாவுக்கு அண்ணன். அங்கே வீடு கட்டிக் கொடுக்கிற காண்ட்ராக்டர். வந்தவர் காப்பிகூடக் குடிக்காமல் நேராக மனைக்குப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இடிச்சிட்டு ஒழுங்கா போடுட்டி. நான் ஆள் அனுப்புதேன்" என்றார்.

"சோதனை முடியட்டும்ணே" என்றாள் அம்மா.

கூரையைச் சுற்றிச் செங்கல்லால் வரப்புக் கட்டி, தார்ப்பாய் விரித்து, டேங்கர் லாரித் தண்ணீரை முழங்கால் அளவுக்கு நிறுத்தினார்கள். கீழே, கூரையின் நடுவிலிருந்து விறைப்பான கம்பி ஒன்று இறங்கியது. அதன் நுனியில் ஓர் ஊசி. அதற்கு எதிரே என் உயரத்துக்கு ஒரு கட்டையை நட்டு, அதில் ஸ்கேல் ஒன்றைக் கட்டியிருந்தாள் அம்மா. தண்ணீர் ஏற்றுமுன் ஊசி எங்கே நின்றதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிற்க வேண்டும், மறுநாள் காலை இன்ஜினீயர் வந்து பார்ப்பார். அதுவரை யாரும் கூரைக்கு அடியில் போகக்கூடாது என்று சுற்றிலும் கயிறு கட்டினாள். என்னையும் தம்பியையும் தனியாகக் கூப்பிட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் மாமா கயிற்றுக்கு வெளியே நின்று அப்பாவிடம் சொன்னார். "அந்த ஊசி ஒரு கோடு கீழ எறங்கட்டும் மாப்ள, அதோட சோலி முடிஞ்சுது."

அப்பா கூரையை அண்ணாந்து பார்த்தார். நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மறுநாள் விடிந்ததும் அம்மாவோடும் மாமாவோடும் மனைக்குப் போனேன். மாமா தெருமுனைக்கு டீ குடிக்கப் போனார். அம்மா தண்ணீரின் அளவைப் பார்க்க மேலே ஏறினாள். நான் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

உள்ளே நல்ல குளிர்ச்சி. எங்கோ ஒரு மூலையில் தண்ணீர் சொட்டியது. தலைக்கு மேலே அம்மா தண்ணீரில் நடக்கும் சத்தம் மெதுவாகக் கேட்டது. நான் ஸ்கேலுக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். ஊசி பென்சில் கோட்டில் இல்லை. அதற்குக் கீழே, ஸ்கேலின் சின்னக் கோடுகளில் இரண்டு கோடு தள்ளி நின்றது.

மாமாவின் குரலும் வீட்டுக்காரரின் கல்யாணமும் தம்பியின் முதுகும் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. ஊசியை மேலே தூக்க முடியாது. ஆனால் கட்டை நட்டிருந்த மண் ஈரமாக இருந்தது. கீழே கிடந்த அரைச் செங்கலை எடுத்துக் கட்டையின் தலையில் தட்டினேன். ஒரு கோடு இறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தட்டு. ஊசி சரியாகப் பென்சில் கோட்டுக்கு வந்து நின்றது. வீட்டைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்போடு வெளியே வந்து மணல் குவியல்மேல் உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு இன்ஜினீயர் வந்தார். உள்ளே போய்க் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அஸலு கதல்லேது மேடம்" என்றார். அசையவே இல்லையாம். பையிலிருந்து பேனாவை எடுத்தார். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா ஊசிக்கு எதிரே குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து கட்டையின் தலையை விரலால் தடவினாள். விரலில் செங்கல் தூள் ஒட்டியிருந்தது.

"கையெழுத்துப் போடாதீங்க சார்" என்றாள் தெலுங்கில். "இவ்வளவு தண்ணி நின்னா கூரை ரெண்டு கோடாவது இறங்கியே ஆகணும். தண்ணிய எடுத்தா திரும்ப மேல போகணும். இறங்கவே இல்லைன்னா அளவு தப்பு."

"ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்றார் மாமா. "அவரே சரின்னுட்டாருல்லா?"

அம்மா சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். நான் மணலில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"கட்டைய நான் சரியா நடலை. என் தப்புதான். மறுபடி செய்யணும்" என்றாள்.

இன்ஜினீயர் பேனாவை மூடிவிட்டார். இனி அடுத்த வாரம்தான் வர முடியும் என்றார். மேஸ்திரி தன் ஆட்களிடம் ஏதோ சொன்னார், அவர்கள் சிரித்தார்கள். மாமா இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. அதற்குள் வீட்டுக்காரர் ஒருமுறை வந்து, எங்கள் சாமான்களையெல்லாம் தலையை ஆட்டியபடி பார்த்துவிட்டுப் போனார். எனக்கு ஒருபுறம் அழுகை, ஒருபுறம் நிம்மதி. நான் செய்தது யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்தேன்.

அடுத்த வாரம், இரண்டாம் முறை, கட்டையைச் சிமெண்ட் போட்டு நட்டு, கூரையில் மறுபடி தண்ணீர் நிறுத்தினார்கள். அப்பா லீவு போட்டுவிட்டுக் கயிற்றருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த நாள் முழுவதும் தெருவுக்கு அந்தப் பக்கம் என் மணிக்கட்டைப் பிடித்தபடியே நின்றாள் அம்மா. வலிக்கிறது என்று சொன்னபோதும் விடவில்லை.

மறுநாள் காலை ஊசி இரண்டரைக் கோடு இறங்கியிருந்தது. இன்ஜினீயர் எழுதிக்கொண்டார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அதற்கடுத்த நாள் காலை எல்லாரும் போய்ப் பார்த்தபோது, ஊசி பென்சில் கோட்டை ஒட்டினாற்போல் நின்றது. இன்ஜினீயர் இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மேஸ்திரி அம்மாவிடம் அந்தப் படத்தில் ஒரு நகல் கிடைக்குமா, ஊரில் தன் தம்பி வீடு கட்டுகிறான் என்று கேட்டார். மாமா ஊருக்குப் போகுமுன், "கம்பி எத்தன கிலோ மிச்சம்னு சொன்ன?" என்று விசாரித்து, சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு நான் உள்ளே ஓடி, அந்தச் சிவப்பு ஓடுகளுக்குக் கீழே கைகளை விரித்துச் சுற்றினேன். அம்மா வந்து என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். எதிரே மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் கூரைக்கு அடியில எவ்வளவு நேரம் நின்ன?"

ஏன் தட்டினாய் என்று கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம்தான் என்றேன். அவள் என் தலையைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டாள். அவள் உடம்பு நடுங்கியது. கூரை விழாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், அது விழாது என்று கையெழுத்தும் வாங்கிவிட்டவள், அதன் அடியில் நான் நின்றதற்கு ஏன் அப்படி நடுங்குகிறாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.