நடுவில் மூன்று புள்ளி

கணினியில் எழுதுவதற்கான மென்பொருள் செய்யும் அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘முழு விலாசம்’. திறந்திருக்கும் ஃபைல் எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்று மேலே முழுசாகக் காட்ட வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை வறளக் கத்தியதில் கிடைத்த பெயர்.

“பாக்க சுத்தமா இருக்கணும் மேடம். நடுவுல மூணு புள்ளி வச்சு சுருக்கிடுங்க,” என்பார் வடிவமைப்புத் தலைவர். அவள் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் எக்கேடோ கெட்டுப்போகட்டும் என்று, அந்தப் புள்ளிகளை வைக்கும் வேலையையும் அவளே செய்து கொடுத்தாள். வாதாடி வாதாடி ஓய்ந்துபோனவளுக்கு அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

அவளுடைய அக்காவும் அந்த மென்பொருளில்தான் எழுதினாள். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். படுக்கையில் கிடப்பவர்களை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒரு புத்தகம். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை அதே பெயரில் இன்னொரு ஃபோல்டரில் நகல் வைப்பாள். கடைசி அத்தியாயம் தன் புருஷனைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதைப் பற்றியது. எழுதி முடிக்க மழைக்காலம் முழுக்கப் பிடித்தது.

அதை நகல் வைக்க இரண்டு ஃபைலையும் திறந்தாள். இரண்டின் மேலும் ஒரே பெயர், ஒரே மூன்று புள்ளி. புதுசு என்று நினைத்துப் பழசை எடுத்துப் புதுசின் மேல் ஒட்டி, சேமித்து, மூடிவிட்டுத் தூங்கப் போனாள்.

மறுநாள் தங்கை வந்து கணினியைத் துருவித் துருவித் தேடினாள். கடைசி அத்தியாயத்தில் ஒரு வரி மிஞ்சவில்லை.

“விடுடி. கை தவறிடுச்சு,” என்றாள் அக்கா. திட்டியிருந்தால் தேவலை.

அக்காவுக்கு நடந்ததை அவள் அலுவலகத்தில் சொன்னாள். தலைவர், “முதல்லயே இப்படி புரியிற மாதிரி சொல்லியிருக்கலாமே!” என்றார். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. புள்ளிகளை எடுத்துவிட்டு ஃபோல்டர் பெயரைத் தடித்த எழுத்தில் வைத்தாள். அரை நாள் வேலை. இதற்குத்தான் இத்தனை வருஷ மல்லுக்கட்டு.

புதுப் பதிப்பை அக்காவின் கணினியில் அவளே போட்டுக் கொடுத்தாள். அக்கா மறுபடி எழுத உட்காருவாளா என்பது மட்டும்தான் அவள் கவலை.

“திரும்ப எழுதுக்கா. நீ சொல்லு, நான் அடிக்கிறேன்.”

“எப்படித் திருப்பணும், எப்படிக் குளிப்பாட்டணும், எல்லாம் எத்தனை தடவை வேணும்னாலும் எழுதுவேன். அவரை ஒரு தடவைதான்டி எழுத முடிஞ்சுது.”

அக்கா இரண்டு ஃபைலையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மேலே பளிச்சென்று ‘நகல்’, ‘புதுசு’. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள்.

“நல்லாத்தான் பண்ணியிருக்கே. எங்க இருந்ததை அழிச்சேன்னு இப்ப தெளிவா தெரியுது.”